மூலக்கூற்றின் பொருண்மை மையம்

ஜவளகிரிக் காட்டோரத்து உழவனொருவன் 7 சாண் நீளமுள்ள காவடித்தண்டின் ஒரு முனையில் 12 சேர் கேழ்வரகும் மறுமுனையில் 16 சேர் கேழ்வரகும் கட்டித் தூக்குவதாகக் கொள்வோம். தண்டின் நடுவில் தோள் கொடுப்பானாயின் பாரம் மிகுந்த முனை தாழும். ஆதலின், மிகுந்த பக்கம் 3 சாணும் குறைந்த பக்கம் 4 சாணும் விட்டுத் தோள் கொடுப்பான். 16ஐ 3ஆற் பெருக்கினும் 12ஐ 4ஆற் பெருக்கினும் வருவது 48 அன்றோ? கணக்குப் பயிலாதவனின் தோள் அறிந்த இதனை, பயின்ற நாம் பரீட்சைத் தாளில் மறந்து, ஈரணு மூலக்கூற்றின் மையத்தைப் பிணைப்பின் நட்டநடுவிற் குறித்துவிடுகிறோம்.

தண்டின் எடையை ஈண்டு நாம் கருதவில்லை. மூலக்கூற்றிலும் எலக்ட்ரான்களின் பொருண்மை மிகச் சிறிதாகலின் அதனையும் விட்டுவிடலாம்.

கார்பன் மானாக்சைடை எடுத்துக்கொள்வோம். கார்பனின் பொருண்மை 12, ஆக்சிஜனின் பொருண்மை 16, இடைத்தொலைவு 1.128 ஆங்ஸ்ட்ராம். (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரின் பத்துக்கோடியில் ஒரு பங்கு.) காவடியிற்போலவே இத்தொலைவை ஏழு கூறாக்கின், மையம் கார்பனிலிருந்து நான்கு கூறு, அதாவது 0.645 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நிற்கும். ஆக்சிஜனிலிருந்து 0.483.

நீர் மூலக்கூறு வளைந்தது. எனினும் அது சமச்சீருடையதாகலின், மையம் இரு ஹைட்ரஜன்களுக்கும் நடுவே ஆக்சிஜன் வழிச் செல்லும் அச்சின்மேலேயே இருத்தல் வேண்டும். அவ்வச்சின்வழி அளக்க, ஹைட்ரஜன்கள் ஆக்சிஜனிலிருந்து 0.587 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கின்றன. அதனை 2ஆற் பெருக்கி 18ஆல் வகுக்க வருவது 0.065. மையம் ஏறக்குறைய ஆக்சிஜன்மேலேயே அமர்ந்துளது!

இவ்வளவு சிறு தொலைவுகளைக் கணித்துப் பயனென்னை எனின், தனித்து நிற்கும் மூலக்கூறு சுழலுவது இப்புள்ளியைச் சுற்றியேயாம். கார்பன் 12க்கு மாறாகக் கார்பன் 13 அமைந்தால், மையம் கார்பனை நோக்கி 0.022 ஆங்ஸ்ட்ராம் நகரும். சுழற்சித் தடை மிகும். மூலக்கூறு வெளியிடும் அலையின் அதிர்வெண் 115.27 கிகாஹெர்ட்ஸிலிருந்து 110.20க்கு இறங்கும். விண்மீன்களிடையேயுள்ள முகில்களில் இம்மூலக்கூற்றின் அலையை 1970ஆம் ஆண்டில் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் என்னும் மூவர் கண்டனர். அங்குள்ள கார்பன் எவ்வகையது என்பதை இவ்வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது. ஜவளகிரிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 10.4 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி நிறுவப்பட்டதும் இத்தகைய மில்லிமீட்டர் அலைகளை ஆராய்தற்பொருட்டே.

இனி, கார்பன் 12ஆகவே நிற்க, ஆக்சிஜன் 16க்கு மாறாக 18 வந்தால் மையம் எப்பக்கம் நகரும்? மாணாக்கர் கணித்துப் பார்க்க. கார்பனிலிருந்து 0.677 ஆங்ஸ்ட்ராம் என வரின் விடை சரியே.