சுழலும் முனைக்கு உறுதியான பிடி

ஓசூர் நகரின் பகுதியான மூக்கண்டப்பள்ளியில் காலை நேரத்தில் நடந்து சென்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து காதில் விழும். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோர் ஒருபுறம். லேத் பட்டறைகளின் இரைச்சல் மறுபுறம். இவற்றுக்கிடையே மரப்பெட்டி செய்யும் கொட்டகைகளும் உண்டு. இயந்திரங்களும் உதிரி பாகங்களும் ஆடாமல் அசையாமல் வெளியூர் போய்ச் சேர வேண்டுமானால், அவற்றைத் தாங்க உறுதியான மரப்பெட்டி வேண்டுமல்லவா?

அத்தகைய கொட்டகை ஒன்றில் இடக்கையில் கட்டுப்போட்டிருந்த ஓர் இளைஞரைக் கண்டேன். பலகையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையிலிருந்த மின் கருவியால் ஸ்குரு முறுக்கியிருக்கிறார். முனை நழுவிக் கையைக் கிழித்துவிட்டது.

"மிஷின் மேல தப்பு இல்ல சார். முனையைப் பிடிச்சிருந்த ஹோல்டர் தேஞ்சு போச்சு. புதுசு வாங்கச் சொன்னேன், தம்பி கேக்கல" என்றார் அங்கிருந்த மூத்த ஆசாரி.

விலை உயர்ந்த இயந்திரம், கூர்மையான முனை, நல்ல மரம் ஆகிய மூன்றும் இருந்தும், இடையிலுள்ள விரல் நீளத் துண்டு ஒன்று சரியாக இல்லாததால் விபத்து நேர்ந்தது. கடைக்குச் சென்று "பிட் ஹோல்டர் வேண்டும்" என்று கேட்டால் நாலைந்து வகைகளை எடுத்து முன்னே போடுவார்கள். எதை வாங்குவது? விலையைப் பார்த்தா? பளபளப்பைப் பார்த்தா? இரண்டுமில்லை. நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலே இதற்கு விடை சொல்லும்.

பிடியின் மூன்று கடமைகள்

துளையிடும் பிட் ஆனாலும், ஸ்குரு முறுக்கும் பிட் ஆனாலும், அதைப் பிடித்திருக்கும் உறுப்பு மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்.

ஒன்று, இயந்திரத்தின் சுழற்சியை நழுவாமல் பிட்டுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு, பிட் கழன்று விழாமல் காக்க வேண்டும். மூன்று, பிட்டை இயந்திரத்தின் சுழல் அச்சிலேயே நேராக நிறுத்த வேண்டும்.

இம்மூன்றும் தனித்தனி வேலைகள். ஒன்றைச் சிறப்பாகச் செய்யும் பிடி மற்றொன்றில் பின்தங்கலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும்.

இரண்டு பென்சில்கள்

முதல் கடமையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உருண்டை வடிவப் பென்சில் ஒன்று, ஆறு பட்டைகள் கொண்ட பென்சில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைப் பென்சிலின் ஒரு முனையைக் கட்டைவிரலாலும் மற்ற இரு விரல்களாலும் இறுகப் பிடியுங்கள். மறுமுனையை நண்பர் திருகட்டும். எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஓரளவுக்கு மேல் அது விரல்களுக்குள் வழுக்கிச் சுழன்றுவிடும். பட்டைப் பென்சிலை அதே போல் திருகும்போது அதன் விளிம்புகள் விரல்களில் மாட்டிக்கொள்வதால் சுழற்றுவது கடினமாக இருக்கும்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மரத்தில் ஒரு ஸ்குருவை இறுக்க 6 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் தேவை என்று கொள்வோம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் சுமார் 2 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுவதற்கு இது சமம். பெரிய விசையாகத் தோன்றவில்லை. ஆனால் பிட்டின் தண்டு 6 மில்லிமீட்டர் விட்டமுள்ளது; அதாவது ஆரம் 3 மில்லிமீட்டர்தான். எனவே தண்டின் பரப்பில் செயல்பட வேண்டிய தொடுவிசை

6 ÷ 0.003 = 2,000 நியூட்டன்.

உருண்டைத் தண்டை மூன்று தாடைகள் பிடித்திருந்தால், இந்த 2,000 நியூட்டனையும் உராய்வு ஒன்றே தர வேண்டும். எஃகுக்கும் எஃகுக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.15 எனக் கொண்டால், ஒவ்வொரு தாடையும் தண்டை அழுத்த வேண்டிய விசை

2,000 ÷ (3 × 0.15) = ஏறத்தாழ 4,400 நியூட்டன்.

இது சுமார் 450 கிலோகிராம் எடைக்குச் சமம். ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் ஒன்பதை ஒவ்வொரு தாடையின் மீதும் ஏற்றி வைத்தது போன்ற அழுத்தம்! தாடையில் சிறிது எண்ணெய் பட்டு உராய்வு பாதியாகக் குறைந்தால், அழுத்தம் இருமடங்காக வேண்டும்.

தண்டு அறுகோணமாக இருந்தால் இத்தகைய இறுக்கமே தேவையில்லை. அறுகோணக் குழிக்குள் அறுகோணத் தண்டைச் செருகினால் ஆறு விளிம்புகளும் 2,000 நியூட்டனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. விளிம்புக்குச் சுமார் 330 நியூட்டன்தான் வரும். இங்கே சுழற்சியைக் கடத்துவது உராய்வு அன்று, வடிவம். ஸ்குரு முறுக்கும் பிட்டுகளின் தண்டு உலகெங்கும் கால் அங்குல, அதாவது 6.35 மில்லிமீட்டர் அறுகோணமாக இருப்பதன் காரணம் இதுவே.

மூன்று தாடை சக்

அப்படியானால் டிரில்லிங் மிஷினில் உருண்டைத் தண்டைப் பிடிக்கும் சக் எதற்கு? துளையின் அளவுக்கேற்ப 2, 3, 6, 10 மில்லிமீட்டர் எனப் பல பருமன்களில் பிட்டுகள் தேவைப்படுகின்றன. அத்தனைக்கும் தனித்தனிக் குழி செய்ய இயலாது. எந்தப் பருமனுக்கும் சுருங்கி விரியும் பிடி வேண்டும்.

நம் ஊர்த் தச்சர்கள் முற்காலத்தில் வில்லையும் கயிற்றையும் கொண்டு சுழற்றிய துரப்பணத்துக்கு இச்சிக்கல் எழவில்லை. அதன் முனை கட்டையிலேயே பதிக்கப்பட்டிருந்தது, மெதுவாகவும் சுழன்றது. மின் இயந்திரம் வந்தபின் பிடி முக்கியமாயிற்று. அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்ற சக்தான் இன்றைய டிரில் சக்குகளுக்கு முன்னோடி. அதன் உடலுக்குள் சாய்வான மூன்று வழிகள் உண்டு. வெளி வளையத்தைத் திருகினால் மூன்று தாடைகளும் அவ்வழிகளில் ஒரே சமயத்தில் முன்னேறி ஒன்றையொன்று நெருங்கும். மரையும் ஆப்பும் இணைந்து செயல்படுவதால், கையால் கொடுக்கும் சிறு விசை பெரும் அழுத்தமாக மாறுகிறது. மேலே கண்ட அரிசி மூட்டைக் கணக்கு இப்படித்தான் ஈடுகட்டப்படுகிறது.

தாடைகள் ஏன் மூன்று? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வழியே ஒரே ஒரு வட்டத்தைத்தான் வரைய முடியும். எனவே மூன்று தாடைகளும் தொட்டவுடன் தண்டின் மையம் தானாகவே அச்சில் வந்து அமர்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. ஆறு மூன்றால் வகுபடும் எண்ணல்லவா? அறுகோணத் தண்டை இந்தச் சக்கில் வைத்தால், ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று பட்டைகளில் தாடைகள் சரியாகப் பதியும். பழைய கைத் துளைக் கருவிகளின் சதுரத் தண்டு அவ்வாறு பதியாது. அதை இதில் மாட்டக் கூடாது.

சக்குகள் 10 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் என்று அளவிட்டு விற்கப்படுகின்றன. இது பிடிக்கக்கூடிய தண்டின் மிகப் பெரிய விட்டம். மரவேலைக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் சக் போதுமானது. சாவியால் இறுக்குவது, கையாலேயே இறுக்குவது என இரு வகை உண்டு. அடிக்கடி பிட் மாற்றுவோருக்குக் கைச் சக் வசதி. பெரிய துளைகளுக்குச் சாவிச் சக் உறுதி. சாவி வகையில் ஒரே துளையில் இறுக்கிவிட்டு நிறுத்தாமல் மூன்று துளைகளிலும் இறுக்குவது நல்ல பழக்கம்.

விழாமல் காப்பது

அறுகோண ஹோல்டர் சுழற்சியை நன்றாகக் கடத்தும். ஆனால் பிட்டை அழுத்திப் பிடிப்பதில்லை. தலைகீழாகப் பிடித்தால் பிட் விழுந்துவிடும். இங்கே இரண்டாம் கடமை வருகிறது. இதற்கு இரண்டு உபாயங்கள் உண்டு.

முதலாவது காந்தம். குழியின் அடியில் சிறு நிலைக்காந்தம் இருக்கும். அது 25 மில்லிமீட்டர் நீளக் குட்டை பிட்டை இழுத்துப் பிடிக்கும். பிட் வழியே ஸ்குருவையும் பிடித்துக்கொள்ளும். கை எட்டாத மூலையில் இது பெரும் உதவி. ஆனால் பித்தளை ஸ்குருவும் பெரும்பாலான துருப்பிடிக்காத எஃகு ஸ்குருக்களும் காந்தத்தில் ஒட்டமாட்டா. மேலும், லேத் பட்டறைகள் நிறைந்த மூக்கண்டப்பள்ளி போன்ற இடத்தில் இரும்புத் துகள்கள் எங்கும் கிடக்கும். அவை காந்தத்தில் ஒட்டிக் குழிக்குள் சேர்ந்தால் பிட் முழுதாக உள்ளே இறங்காது. வாரம் ஒருமுறை துடைத்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது குண்டும் காடியும். 50 மில்லிமீட்டர் நீளப் பிட்டுகளின் தண்டைச் சுற்றி ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். ஹோல்டரின் வெளி வளையத்தை நகர்த்திப் பிட்டைச் செருகி விட்டுவிட்டால், உள்ளிருக்கும் சிறு எஃகுக் குண்டு அக்காடியில் அமர்ந்து பூட்டிவிடும். இழுத்தாலும் வராது. ஈரமான மரத்திலிருந்து பிட்டைப் பின்னோக்கி இழுக்கும்போது இதன் அருமை தெரியும்.

நேராக நிற்பது

மூன்றாம் கடமையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்த இளைஞரின் கை கிழிந்ததும் இதனால்தான்.

குழிக்குள் தண்டு 10 மில்லிமீட்டர் ஆழம் நுழைகிறது, தேய்மானத்தால் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது என்று கொள்வோம். அப்போது தண்டு 10-க்கு 0.1, அதாவது நூற்றில் ஒரு பங்கு சாயலாம். குழியிலிருந்து முனை 70 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், முனையின் விலகல் 0.7 மில்லிமீட்டர்! ஒரு தாள் கனமே உள்ள இடைவெளி, நுனியில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமாகப் பெருகிவிட்டது. நீளமான ஹோல்டர் எப்போதும் நல்லது என்ற எண்ணம் தவறு என்பதை இக்கணக்கு காட்டுகிறது. எட்டாத இடத்துக்கு மட்டும் நீளம். மற்ற வேலைக்குக் குட்டையே சிறந்தது.

கூட்டல் குறி வடிவ ஸ்குருத் தலை 1930-களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவரால் பரவியது. அதன் குழியின் சுவர்கள் உள்நோக்கிச் சரிந்தவை. திருப்புத்திறன் மிகும்போது அச்சரிவு முனையை வெளியே தள்ளும். நாம் பின்னாலிருந்து அழுத்துவதால்தான் முனை உள்ளே நிற்கிறது. முனை ஆடினால் அழுத்தம் அச்சின் வழியே செல்லாது. முனை வெளியேறிக் கையில் பாயும். கனடாவில் ராபர்ட்சன் 1909-இல் காப்புரிமை பெற்ற சதுரக் குழித் தலையில் இத்தொல்லை மிகக் குறைவு.

அடித்துச் சுழற்றும் கருவிகள்

இப்போது தச்சுப் பட்டறைகளில் பேட்டரியால் இயங்கும் 'இம்பாக்ட் டிரைவர்' பரவியுள்ளது. இதனுள்ளே ஒரு சுத்தியல் சுழல் திசையில் விட்டுவிட்டு அடிக்கிறது. சாதாரண ஹோல்டர் இந்த அடியில் விரைவில் வெடிக்கும். இதற்கெனச் செய்யப்பட்ட பிட்டுகளின் இடைப்பகுதி மெலிந்திருப்பதைக் காணலாம். உடைந்துவிடாதா என்று வியக்கிறீர்களா? தண்டின் முறுக்கக் கோணம் விட்டத்தின் நான்காம் படிக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். விட்டம் பாதியானால் முறுக்கம் 16 மடங்கு. மெலிந்த இடை சுருள்வில் போலச் சற்றே முறுகி மீள்கிறது. அடியின் உச்ச விசை முனையைத் தாக்காமல் தணிகிறது. புயலில் மூங்கில் வளைந்து பிழைப்பது போலத்தான்.

சுவரில் துளையிடும் இயந்திரங்களில் 'எஸ்.டி.எஸ்.' என்னும் பிடி உண்டு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1975-இல் அறிமுகப்படுத்தியது இது. சுத்தியல் அடிக்காகப் பிட் முன்னும் பின்னும் நகரும்படி தளர்வாக விட்டிருப்பார்கள். கான்கிரீட்டுக்கு அது வரம். நுட்பமான மரவேலைக்குப் பொருந்தாது.

எதற்கு எது?

கீல், தாழ்ப்பாள் போன்றவற்றுக்கு அளவான துளை வேண்டுமா? உருண்டைத் தண்டுப் பிட்டை மூன்று தாடைச் சக்கில் நேரடியாகப் பிடியுங்கள். இடையில் ஹோல்டர் வேண்டாம். நிறைய ஸ்குரு முறுக்க வேண்டுமா? குட்டையான காந்த ஹோல்டர் போதும். துளையும் ஸ்குருவும் மாறிமாறி வருகிறதா? வளையப் பூட்டுள்ள அறுகோண ஹோல்டரும், அறுகோணத் தண்டுள்ள டிரில் பிட்டுகளும் நேரத்தை மிச்சப்படுத்தும். இம்பாக்ட் டிரைவரா? அதற்கென்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் வாங்குங்கள்.

வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிட்டைச் செருகி நுனியை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் குறைவானதே நல்ல ஹோல்டர். பழையதைத் தூக்கி எறிவதற்கும் இதே சோதனைதான்.

ஓர் எச்சரிக்கை

சக் சாவியை அதன் துளையிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை இயக்குவது பெரும் ஆபத்து. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் நொடிக்கு 25 சுற்று. சாவியின் நுனி அச்சிலிருந்து 7 சென்டிமீட்டரில் இருந்தால் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர். முகத்தை நோக்கி வரும் இரும்புத் துண்டுக்கு இது போதாதா? இறுக்கியதும் சாவியை எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கையுறை, தொங்கும் துணி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் பிடியை நெருங்கக் கூடாது. பலகையைக் கையால் பிடிக்காமல் பிடிகருவியால் இறுக்குங்கள்.

அந்தக் கொட்டகைக்கு மறுமுறை சென்றபோது இளைஞரின் காயம் ஆறியிருந்தது. பலகையை மேசையோடு இறுக்கியிருந்தார். கருவியில் புதிய, குட்டையான ஹோல்டர் இருந்தது.

சிந்தித்து விடை காணுங்கள்

1. மேலே கண்ட தேய்ந்த ஹோல்டரில் 25 மில்லிமீட்டர் தள்ளி முனை இருந்தால் விலகல் எவ்வளவு?

2. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைத் தண்டுக்கு 6 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் ஒவ்வொரு தாடையும் எவ்வளவு அழுத்த வேண்டும்? பருத்த தண்டைப் பிடிப்பது ஏன் எளிது?

3. உங்கள் வீட்டிலுள்ள ஸ்குருக்களில் எவை காந்தத்தில் ஒட்டுகின்றன, எவை ஒட்டவில்லை? பட்டியலிட்டு, காரணத்தை ஆசிரியரிடம் கலந்து பேசுங்கள்.