நிலத்தடிப் பொருளும் அதன் கிரயமும்

நம் முன்னோர் வரைந்த கிரயசாசனங்களில், நிலத்தின் நான்கெல்லையும் கூறியபின், நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் முதலிய எட்டுப் போகங்களோடும் அது விற்கப்பட்டதென எழுதுதல் மரபு. மேலே விளையும் நெல்லேயன்றிக் கீழே கிடக்கும் கல்லும் புதையலும் வாங்கினவனையே சேரும் என்பது அதன் கருத்து. (அவ்வெட்டையும் பிழையின்றி ஒப்பிக்கவல்லார் இன்று எத்துணைப் பேரோ!) அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ மேற்பரப்பையும் அடிப்பொருளையும் பிரித்து விற்கும் வழக்கம் வேரூன்றியுளது. ஒரே வயலின் மேற்பரப்பு ஒருவருக்கும், அதனடியிலுள்ள எண்ணெயும் வாயுவும் மற்றொருவருக்கும் உரியவாதல் அங்கே சாதாரணம். டெக்ஸாஸ் நாட்டை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஸ்பெயின் தேசத்துச் சட்டப்படி கனிப்பொருள் முடிக்குரியது. அவ்வழக்கைத் தொடர்ந்து வந்த டெக்ஸாஸ், 1866-ஆம் ஆண்டின் அரசியலமைப்பினால் அவ்வுரிமையை நிலமுடையார்க்கே விட்டுக்கொடுத்தது. 1901 ஜனவரி 10-ஆம் நாள் ஸ்பிண்டில்டாப் என்னும் மேட்டில் எண்ணெய் பீறிட்டெழுந்தபின், அதன் பெருமதிப்பு யாவர்க்கும் புலனாயிற்று.

ஈண்டு இரண்டு உரிமைகளைப் பிரித்தறிதல் வேண்டும். கனிப்பொருளுரிமை உடையவன் கம்பெனிக்குக் குத்தகை அளிக்கலாம். கையொப்பமிடுங்கால் முன்பணம் பெறலாம். விளைவிலும் பங்கு கொள்ளலாம். அப்பங்கே ராயல்டி, நம் நாட்டு மேல்வாரத்தை ஒத்தது. கிணறு தோண்டும் செலவு ராயல்டி பெறுவோனைச் சாராது. ஆயின் ராயல்டியை மட்டும் பிரித்து வாங்கியவனுக்குக் குத்தகை விடும் அதிகாரமும் முன்பணமும் இல்லை. ஒரு கணக்குப் பார்ப்போம்: 640 ஏக்கர் அடங்கிய தொகுதியில் ஒருவனுக்குரியது 40 ஏக்கர், குத்தகைப்படி ராயல்டி நாலிலொன்று. அவன் பங்கு 1/64. ஒரு மாதத்தில் 1,00,000 டாலருக்கு எண்ணெய் விற்றால், வரி முதலியன கழியுமுன் அவன் பெறுவது 1,562.50 டாலர்.

பத்திரத்தின் ஒரு சொல் இக்கணக்கை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரு வழக்குப் போதும். 1924-ஆம் ஆண்டில் ஒரு தம்பதிகள் தம் பண்ணையை விற்றபோது, கனிப்பொருளில் எட்டிலொன்றின் பாதியைத் தமக்கென நிறுத்திக்கொண்டனர். பெருக்கிப் பார்ப்பின் அது பதினாறிலொன்று. ஆனால் இரு தரத்தாரும் அவர்தம் வாரிசுகளும் தொண்ணூறு ஆண்டுகள் அளவும் பாதிப் பாதியாகவே பாவித்து வந்தனர். 2013-இல் வழக்கெழுந்தது. கீழ்க்கோர்ட்டுகள் பள்ளிக்கூடக் கணக்கையே ஏற்று 1/16 என்றன. டெக்ஸாஸ் உயர்தர நீதிஸ்தலமோ 2023-இல் அதனை மாற்றி, நிறுத்தப்பட்டது சரிபாதியே எனத் தீர்த்தது. காரணம் யாது? அக்காலத்தில் ராயல்டி எங்கும் எட்டிலொன்றாகவே இருந்தமையால், குத்தகை விட்டபின் தமக்கு எஞ்சிய உரிமை முழுவதுமே அவ்வெட்டிலொன்றுதான் என நிலமுடையார் பலர் மயங்கினர். ஆதலின் 'எட்டிலொன்று' என்பது அவர் வாயில் 'முழுவதும்' என்றே பொருள்பட்டது. சொல்லுக்குப் பொருள் அது வழங்கிய காலத்தினின்றே கொள்ளப்படும் என்னும் இலக்கணத்தை நீதிபதிகளும் கைக்கொண்டது நமக்கு மிக்க உவகை தருகின்றது. ஆயினும் அத்தீர்ப்புக்கு வாரிசுகள் பத்தாண்டு காத்திருக்க நேர்ந்தது.

விற்பனைக்கு வருவோம். பாட்டனார் நிலம் கைமாறிப் பல்லாண்டு சென்றபின், தொலைவிலுள்ள பேரனுக்கு ஒரு கடிதம் வரும். அதனுள் உண்டியலும் கிரயப்பத்திரமும் இருக்கும். குத்தகையென்றெண்ணிக் கையொப்பமிட்டால் உரிமையே போய்விடும். இது பற்றியே, 'இதனால் நீர் உமது உரிமையை விற்கின்றீர்' என்னும் கருத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமென அந்நாட்டுச் சட்டம் விதித்துளது. விலை பேசுங்கால் இன்னொன்றும் நினைவிற்குரியது. பாறையைப் பிளந்தெடுக்கும் இக்காலக் கிணறுகள் முதலாண்டில் மிகுதியாய்ச் சுரந்து விரைவிற் குன்றும். ஆகவே, இன்றைய மாதவரவு என்றும் நில்லாது. வாங்குவோர் கண்ணோ, இனித் தோண்டப்படும் கிணறுகளின்மேலும் இருக்கும். அவற்றின் மதிப்பைப் பேரன் கேளாதொழிவானாயின் அதனை இலவசமாக ஈந்தவனாவான். காத்திருத்தலும் அபாயமற்றதன்று: 2020 ஏப்ரல் 20-ஆம் நாள் நியூயார்க் சந்தையில் எண்ணெய் ஒப்பந்தவிலை பூச்சியத்திற்கும் கீழே 37.63 டாலர் இறங்கிற்று.

பாதியை விற்றுப் பாதியை வைத்துக்கொள்வாரும் உளர். அவர், பத்திரத்திற் குறிக்கும் பாதி, நிலம் முழுவதன் கனிப்பொருளிற் பாதியோ, தம் பங்கிற் பாதியோ, அன்றி ராயல்டியிற் பாதியோ என்பதை வெளிப்படையாக எழுதுவித்தபின்னரே கையொப்பமிடல் வேண்டும்.