சுரங்க மேடும் பள்ளிக்கூடமும்



ஜார்க்கண்டு மாநிலத்துக் கோடர்மா, கிரிடீ மாவட்டங்களின் காடுகளில் மண்ணைக் கிளறினால் பளபளப்பான ஒரு தகடு கிடைக்கும். அதன் பெயர் அப்பிரகம். நம்மூரில் காக்காப்பொன் என்கிறோமே, அதுதான். மின்சாரச் சாமான்களிலும், வர்ணங்களிலும், முகப்பூச்சுகளின் மினுமினுப்பிலும் அது சேருகிறது.

1980-ம் ஆண்டில் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், அங்கிருந்த சுரங்கங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சுரங்கம் மூடினாலும் வயிறு மூடவில்லை. கைவிடப்பட்ட குழிகளிலும் கழிவு மேடுகளிலும் துண்டு அப்பிரகம் பொறுக்கி, எடைக்கு விற்றுப் பல குடும்பங்கள் பிழைத்து வருகின்றன. கூடை சுமப்பவர்களில் சிறு பிள்ளைகளும் உண்டு. குழி சரிந்தால் உயிர் போகும். தூசி நெஞ்சில் தங்கினால் மூச்சு போகும். பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சுரங்க வேலைக்கு வைக்கலாகாது என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால், உரிமம் இல்லாத மேட்டுக்குக் கணக்கேது? காவலேது?

அந்தப் பெற்றோருக்குப் பிள்ளைப் பாசம் இல்லையென்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளை கொண்டுவரும் சில ரூபாய் அன்று மாலையே அரிசியாகிறது. படிப்பின் பலனோ பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். ஒரு தாய் துணிந்து தன் மகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள் என்று வையுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை அதே மேட்டில் சம்பாதிப்பதை அவள் தினமும் பார்க்க வேண்டும். தனி ஒரு குடும்பம் இப்படி நெடுநாள் தாக்குப்பிடிப்பது கடினம். ஊர் சேர்ந்து முடிவு செய்தால் எல்லாருக்கும் எளிதாகும்.

இந்த உண்மையைக் கொண்டே ஒரு வழி அங்கே கையாளப்பட்டது. 2014-ம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற கைலாஷ் சத்யார்த்தி அவர்களின் இயக்கத்தார், 'குழந்தைகளின் நண்பனான கிராமம்' என்ற முறையை 2001 முதல் பல மாநிலங்களில் நடத்தி, அப்பிரகப் பகுதிக்கும் கொண்டு சென்றார்கள். அதில் நான்கு படிகள் உண்டு.

முதலாவது, ஊரிலுள்ள பிள்ளைகள் அனைவரையும் வேலையிலிருந்து விடுவிப்பது.

இரண்டாவது, அனைவரையும் பள்ளியில் சேர்ப்பது.

மூன்றாவது, பிள்ளைகளே வாக்களித்துத் தங்களுக்கு ஒரு பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுப்பது.

நான்காவது, பெரியவர்களின் கிராமப் பஞ்சாயத்து அதை ஏற்று, அதன் குரலுக்குச் செவி சாய்ப்பது.

இவற்றுள் நான்காவது படியை நாம் கவனிக்க வேண்டும். உபாத்தியாயர் வரவில்லை, குடிதண்ணீர் இல்லை, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை என்று பிள்ளைகள் சொல்லலாம். கேட்க ஆளில்லாவிட்டால் என்ன பிரயோஜனம்? பெரியவர்கள் கேட்டு, அதிகாரிகளிடம் கொண்டு போனால்தான் பள்ளி பள்ளியாக இருக்கும்.

சட்டமும் பெற்றோருக்கு இடம் கொடுத்திருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வந்த பணம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் அவர்கள் கடமை.

பணத்துக்கும் வழி உண்டு. 2015-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, சுரங்கம் நடைபெறும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கப்படுகிறது. சுரங்கம் நடத்துவோர் அதற்குப் பணம் செலுத்த வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களுக்காக அது செலவிடப்பட வேண்டிய முதன்மைக் காரியங்களில் கல்வியும் ஒன்று. ஆனால் யாரும் கேளாத இடத்தில் பணம் கட்டடமாக நிற்குமே தவிரப் படிப்பாக மாறாது.

இது எங்கோ வடக்கே நடப்பது என்று இருந்துவிடாதீர்கள். நம் மாநிலத்துக் கல் குவாரிகளிலும் செங்கல் சூளைகளிலும் வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளுக்காக நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை இவை. வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பியனுப்பக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதும், சேர்க்கை நாள் கடந்துவிட்டது என்பதும் காரணமாகா. படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி தர வேண்டும். இவை சட்டத்தில் உள்ளவை. அயலூரிலிருந்து வந்த தகப்பனுக்கு இது தெரியாது. தெரிந்த ஒருவர் கூடப் போனால் போதும்.

இவ்வாரம் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்:

1. நம் தெருவுக்கு அருகே பள்ளி செல்லாத பிள்ளை யார்? ஏன் செல்லவில்லை?

2. நம் பிள்ளையின் பள்ளி மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது? நாம் போனோமா?

3. புதிதாக வந்த குடும்பத்தின் பிள்ளையைச் சேர்க்க, நம்மில் யார் பள்ளிவரை துணை போவது?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரைக் குறித்துவிட்டே எழுந்திருங்கள்.