பழங்கதையைப் புதுக்குதல்

தாம் நன்கறிந்த கதையொன்றைப் பிறர் மாற்றிச் சொல்லக் கேட்கும்போது மக்கள் உள்ளத்தெழும் கலக்கம் மிகப் பழமையானது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சார்ந்த சிற்றூர்களிலே, திரௌபதி அம்மன் திருவிழாவிற் கூத்துக் களத்தைச் சூழப் பாய் விரித்து அமர்ந்திருக்கும் முதியோரும், படக்கொட்டகையினின்று வெளிப்போதரும் இளைஞரும், கணிப்பொறியில் விளையாட்டயரும் சிறாரும் தத்தம் மொழியில் இவ்வொரு வழக்கினையே வழக்காடுகின்றனர். "கதை அப்படியன்று, மாற்றிக் கெடுத்துவிட்டனர்" என்பார் ஒரு சாரார். "மாற்றினால் என்னை? சுவை உண்டாயின் போதாதோ?" என்பார் மற்றொரு சாரார். இவ்விருவருள் யார் பக்கம் நியாயம் உளது என்பதை நம் இலக்கண ஆசிரியர் வகுத்த நெறிகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியனார் மரபியலில் நூலினை முதனூல் என்றும் வழிநூல் என்றும் இரண்டாக வகுத்தார். பிறிதொரு நூலைச் சாராது மெய்யறிவினின்று தோன்றுவது முதனூல். அதன் வழியே தோன்றுவது வழிநூல். வழிநூல் தொகுத்தும், விரித்தும், அவ்விரண்டும் விரவியும், மொழிபெயர்த்தும் செய்யப்படும் என நால்வகை கூறினார். பிற்காலத்துப் பவணந்தி முனிவர் சார்புநூல் என மூன்றாவதொன்றையும் நன்னூலிற் கூட்டினார். வழிநூல் செய்வான் முன்னோர் முடிபோடு ஒத்து நின்று, தான் வேண்டிய வேறுபாடுகளையும் கூறலாம் என இசைவும் அளித்தார். இவ்விலக்கணம் அறிவு நூல்களை நோக்கி எழுந்ததாயினும் கதைக்கும் ஏற்புடையதே. இதனால் நாம் அறியக் கிடப்பன இரண்டு. வேறுபடுத்தல் தன்னளவிற் குற்றமன்று என்பது ஒன்று. அவ்வேறுபாட்டுக்கு முன்னோர் முடிபு என்னும் வரம்பு உண்டு என்பது மற்றொன்று. அங்ஙனமாயின் கதையில் முடிபு என்பது யாது? இறுதியில் நிகழும் நிகழ்ச்சியோ, கதை முழுவதும் ஓடி நிற்கும் கருத்தோ? வழக்கெல்லாம் இவ்வொரு வினாவையே பற்றி நிற்றலை மேல்வரும் எடுத்துக்காட்டுக்கள் காட்டும்.

முதற்கண் நம் ஊர்க் கூத்தினை நோக்குவோம். திரௌபதி அம்மன் விழாவிற் பகற்பொழுதில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தை இசையோடு படித்துப் பொருள் கூறுவர். இரவில் அக்கதையே அரிதாரமும் கிரீடமும் பூண்டு கூத்தாக நடைபெறும். ஆகவே, ஒரே கதையின் இருவேறு வடிவங்களை ஒரே நாளிற் கேட்டும் கண்டும் ஒப்பிட்டு நோக்கும் பழக்கம் நம் சிற்றூரார்க்குத் தொன்றுதொட்டு உண்டு. வடமொழிப் பாரதத்தில் அருச்சுனன் மகனாகிய இராவான் போரின் எட்டாம் நாளில் அலம்புசன் என்னும் அரக்கனாற் கொல்லப்படுகின்றான். தமிழ் மரபிலோ அவன் அரவான் எனப் பெயர் பெற்று, போர் தொடங்குமுன்னரே களப்பலியாகத் தன்னை ஈகின்றான். ஒன்பதாம் நூற்றாண்டிற் பெருந்தேவனார் இயற்றிய பாரத வெண்பாவிலேயே இக்களப்பலி காணப்படுகின்றது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்திற் சித்திரைத் திங்கள்தோறும் பெருந்திரளான மக்கள் கூடும் விழா இம்மாற்றத்தின் மேல் எழுந்ததேயன்றோ? கர்ண மோட்சக் கூத்தில் வரும் பொன்னுருவி என்பாளும் வியாதர் அறியாத பெண்ணே. கணவனது குலத்தை இகழ்ந்து பேசிய அவள், அவன் போர்க்களஞ் செல்லும் வேளையில் உள்ளம் உடைந்து நிற்கும் காட்சியைக் கண்டு கண்ணீர் உகுக்காதார் இலர்.

இம்மாற்றங்களை நம் மக்கள் ஏற்றதன் காரணம் யாது? கர்ணன் பாரத முழுவதும் பிறப்புப் பற்றி இகழப்படுகின்றான். அவ்விகழ்ச்சி அவையிலும் களத்திலும் மட்டுமன்றி, அவனது இல்லத்துள்ளும் புகுந்திருத்தல் கூடும் என்பதைக் கூத்து கண்டு சொல்லிற்று. நிகழ்ச்சி புதிது, ஆயினும் அது முளைத்த நிலம் பழையது. இங்ஙனம் முதற்கதையின் உள்ளிருந்தே முளைக்கும் மாற்றத்தை நாம் வளர்ச்சி என்கிறோம். வெளியினின்று கொணர்ந்து ஒட்டப்படுவதை ஒட்டு என்கிறோம். கம்பர் செய்த மாற்றங்களும் முன்னைய இனத்தனவே. வான்மீகியார் காப்பியத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கின்றான். கம்பரோ, அவன் அவளைத் தீண்டாது பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுத்தனன் என்றார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமும், பனியன் 1678-இல் எழுதிய ஆங்கிலக் கதையின் வழிநூலாயினும், மூலத்திற் காணாத சிலுவைப்பாடுகளை விரித்துப் பாடுகின்றது. பயணியின் சுமை சிலுவையடியிற் கழன்று வீழ்தல் மூலத்திலேயே உண்டாதலின், அச்சிலுவையின் வரலாற்றை விரித்தமை கதையின் உட்கிடையை வெளிப்படுத்தியதாயிற்று.

நிற்க. அண்மைக்காலத்தில் தமிழரிடையே இவ்வழக்கினைப் பெரிதும் கிளப்பியது பொன்னியின் செல்வன் திரைப்படமே. கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதி, ஐந்து பாகங்களாக முடித்த அந்நாவலை இயக்குநர் மணிரத்னம் இரு பகுதிகளாகப் படமாக்கினார். முதற்பகுதி 2022 செப்டம்பர் 30-ஆம் நாளும், இரண்டாம் பகுதி 2023 ஏப்ரல் 28-ஆம் நாளும் வெளிவந்தன. முதற்பகுதி கண்டார் பெரும்பாலும் மகிழ்ந்தனர். இரண்டாம் பகுதி கண்டார் இரு கட்சியாயினர். நாவலில் வந்தியத்தேவன்பால் தன் உள்ளத்தை முழுதும் வைத்து மாய்ந்த மணிமேகலை படத்தில் இடம்பெறவே இல்லை. நாவலில் பூத்தொடுத்துக் கோயிற்பணி செய்யும் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியாரின் உண்மை மகன் என்பது வெளிப்பட, அருள்மொழிவர்மன் தனக்கென வந்த மணிமுடியை அவன் தலையிற் சூட்டுகின்றான். படத்திலோ, முன்னர் அரசுரிமைக்குப் போராடிய மதுராந்தகனே அம்முடியைப் பெறுகின்றான்.

மாற்றத்தை வெறுத்தோர் கூற்று யாதெனின், "தியாக சிகரம் என்று இறுதிப் பாகத்திற்குப் பெயரிட்டவர் கல்கி. ஆசையற்ற ஏழை அடியவன் அரியணை ஏறுதலே அச்சிகரத்தின் அழகு. பேராசை கொண்டவனுக்கே முடி கிடைத்தால் அவ்வழகு குன்றாதோ?" என்பது. மாற்றத்தை ஏற்றோர், "ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துள் அடக்குவோர் சிலரை விட்டேயாக வேண்டும். அன்றியும், தன்னை எதிர்த்தவனுக்கே முடியை ஈதல் இன்னும் அரிய தியாகமன்றோ?" என்றனர். இருவரும் முடிபு என்பதைக் கருத்தாகவே கொண்டனர் என்பதும், அருள்மொழியின் துறவினை இருவருமே போற்றினர் என்பதும் ஈண்டு அறியத்தக்கன. எம்மனோர்க்குத் தோன்றுவது யாதெனின், மதுராந்தகன் முடி பெற்றமை வளர்ச்சி என்னும் வகையுட் படும். மணிமேகலை நீங்கியமையோ தொகுத்தலால் வந்த இழப்பேயாம். தொகுத்தல் இலக்கணம் ஒப்பியதே. ஆயினும் ஒப்பியது என்பதனால் இழப்பு இழப்பன்று ஆகிவிடாது.

இவ்வழக்கினுள் வேறொரு நுட்பமும் உண்டு. காதலர் முதனூலாகக் கொண்டாடும் நாவல் தானும் ஒரு வழிநூலே. கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் அதன் முதனூல்கள். செம்பியன் மாதேவியாரின் மகனாகிய மதுராந்தகரே உத்தம சோழர் என்னும் பெயரோடு ஆண்டனர் என்பது வரலாறு. சேந்தன் அமுதனும் நந்தினியும் கல்கியின் படைப்புக்கள். ஆகவே நாவலினின்று விலகிய படம் அவ்வொரு செய்தியில் வரலாற்றை அணுகிற்று. பாகூர் மூலநாதர் கோயிலுக்குச் செல்வோர், கன்னர தேவன் எனப்படும் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்துக் கல்வெட்டுக்கள் ஆங்கு இருத்தலை அறியலாம். 949-இல் தக்கோலத்திற் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தபின் இந்நிலம் அயலார் கைப்பட்டிருந்தமைக்கு அவை சான்று. ஆதித்த கரிகாலன் தலையெடுத்தது அத்தகைய காலத்தின் பின்னரே. நம் ஊர்ச் சுவரிலேயே முதனூலின் ஏடுகள் சில கிடக்க, நாவலுக்கும் படத்துக்கும் மட்டும் வழக்காடி அமைதல் போதுமோ?

இனி, கடல் கடந்த நாட்டொன்றின் செய்தியையும் காண்போம். 1997-இல் சப்பானிய நாட்டின் ஸ்குவேர் நிறுவனத்தார் பைனல் பேண்டசி ஏழு என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டனர். அதில் ஏரித் என்னும் மலர் விற்கும் நங்கை கதையின் நடுவே கொல்லப்படுகின்றாள். விளையாடுவோன் தன் கையாலேயே அவளை வழிநடத்தி வந்தவனாதலின், அவ்விழப்பை வெறுங் கதையாகக் கொள்ளாது தன் இழப்பாகவே கொண்டான். 2020-இல் அந்நிறுவனத்தாரே அதனைப் புதுக்கி, மூன்று பகுதிகளாக வகுத்து, முதற்பகுதியை வெளியிட்டனர். முன்னதன் இயக்குநர் கித்தாசே புதியதன் தயாரிப்பாளர். முன்னதில் பாத்திரங்களை வரைந்த நோமுரா புதியதன் இயக்குநர். அவர்கள் ஒரு விந்தை செய்தனர். கதை பழைய வழியினின்று விலகும்போதெல்லாம் நிழலுருவங்கள் சில தோன்றி அதனைப் பழைய வழிக்கே திருப்புமாறு அமைத்தனர். ஊழின் காவலராகிய அவ்வுருவங்களை இறுதியிற் கதை மாந்தர் வென்றனர். அவ்வளவில் இனி வருவது பழையபடி வாராமலும் போகலாம் என்னும் நிலை உண்டாயிற்று. 2024-இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில் ஏரித் இறந்தனளோ பிழைத்தனளோ என்று ஐயுறுமாறு காட்சி அமைந்தது.

இதுபற்றி உலகெங்கும் விளையாடுவோர் பிளவுபட்டனர். "எம் துயரம் உண்மையாயிருந்தது, அதனை ஐயத்துக்குரியதாக்குதல் எம்மிடமிருந்து கவர்தலாகும்" என்றனர் சிலர். "அறிந்த முடிவையே மீளக் காண்பதற்குப் பழைய விளையாட்டே இருக்கின்றதே; அஞ்சி அஞ்சிக் காத்திருக்கும் பழைய உணர்ச்சியைப் புதிது மீளத் தந்தது" என்றனர் பிறர். முதலாசிரியரே வழிநூல் செய்தபோதும் வழக்கு ஒழியவில்லை என்பது இதனாற் பெறப்படும். கதை வெளிப்போந்த பின்னர் அது சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் பொதுவாகின்றது. உழுதவன் ஒருவன், நெடுநாள் காவல் காத்தவன் ஒருவன் எனின், விளைவில் இருவர்க்கும் பங்குண்டு அன்றோ?

மேற்கூறியவற்றால் வழிக்கதையை அளக்கும் கோல்கள் மூன்றினை நாம் வகுத்துக்கொள்ளலாம். மாற்றுவோன் முதற்கதையை முற்றக் கற்றவனா என்பது ஒன்று. அறியாமையால் வரும் வேறுபாடு பிழையெனப்படுமேயன்றி மாற்றம் எனப்படாது. மாற்றம் முதற்கதையின் வேரினின்று முளைத்ததா என்பது இரண்டு. புதியது வந்தபின்னும் பழையது கிடைக்கின்றதா என்பது மூன்று. அவ்வாறே குறை கூறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. எவ்விடத்தில், எது மாறிற்று, அதனால் எக்கருத்துக் கெட்டது என்று காட்டிக் கூறுதலே திறனாய்வு. வெறும் வசை திறனாய்வன்று.

இம்மூன்றனுள் மூன்றாவதே மிக இன்றியமையாதது. கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் நாவல் எளிதிற் கிடைக்கின்றது. படத்தால் அதற்கு ஊறு இல்லை. சப்பானியரின் பழைய விளையாட்டையும் விரும்புவோர் இன்றும் விளையாடலாம். வில்லிபாரதம் அச்சில் உளது. நல்லாப்பிள்ளை பதினெட்டுப் பருவங்களும் நிரம்ப விரித்த பாரதமும் அச்சேறிற்று. ஆனால், நம் ஊர்க் கூத்து வாத்தியாரின் பாரதம் எங்கே உளது? கூத்து நூல்கள் சில அச்சில் வந்துள்ளன. எனினும் இந்த ஊரில் கட்டியங்காரன் இடையிட்டுக் கூறும் சொல்லும், அந்த ஊரிற் பொன்னுருவி பாடும் தருவும், ஒரு வாத்தியார் கூட்டிய காட்சியும் அவரவர் நெஞ்சையே ஏடாகக் கொண்டு வாழ்கின்றன. அவர் மறைந்தால் அவ்வேடும் மறையும். விழா நாட்கள் சுருங்கினாற் கூத்தும் சுருங்கும். அதன்பின் திரையிற் காணும் பாரதமே பாரதமென இளையோர் கொள்வர். ஒப்பிடுதற்கு மற்றொன்று இன்மையால் வழக்காடுவாரும் இரார். வழக்கு ஒழிந்த ஊரில் கதை வாழ்கின்றது என்று சொல்லுதல் எங்ஙனம்?

நம் நிலம் கல்விக்குப் புதியதன்று. பல்லவன் நிருபதுங்கன் பாகூரிலிருந்த வித்தியாத்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியை ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு இன்றும் சொல்லுகின்றது. செம்பிற் பொறித்தமையால் அச்செய்தி நிலைபெற்றது. ஆதலின் நண்பர்காள், பங்குனியிலும் சித்திரையிலும் ஊருக்குச் செல்லும் நம்மவர் கூத்துக் களத்தின் அருகே ஓர் இரவேனும் விழித்திருந்து, வாத்தியாரின் இசைவு பெற்று, அவர் சொல்லும் கதையை ஆண்டும் ஊரும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதுவோமாக. வில்லியனூர்ப் பக்கத்துக் கர்ணனும் பாகூர்ப் பக்கத்துக் கர்ணனும் எவ்வெவ்விடத்து வேறுபடுகின்றனர் என்று நம் கல்லூரியில் இருந்து வழக்காடுதற்கேனும் அவ்வேடு பயன்படும்.