தீவுக்கு வெளிக்கிட முன்: சுன்னாகத்தாருக்குச் சில குறிப்புகள்

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் பனிக்குத் தப்பிக் கியூபாவுக்கோ டொமினிக்கனுக்கோ ஒரு கிழமை போவதென்றால், மாதக்கணக்கில் பட்டியல் போடுவார்கள். வெயிலுக்குப் பூசும் கிரீம், தொப்பி, வயிற்றுக்கு மாத்திரை, பயணக் காப்புறுதி என்று ஒன்றும் மிச்சமிராது. அதே ஆட்கள் ஆடி, ஆவணியில் சுன்னாகத்துக்கு வந்து, "நாளைக்கு நெடுந்தீவைப் பாத்திட்டு வருவம்" என்று வெளிக்கிடும்போது ஏழு பேருக்கு இரண்டு போத்தல் தண்ணீர் இருக்கும். கூட்டிப் போகும் நாங்களும் பேசாமல் ஏறிவிடுவோம். கிட்டத்தானே என்ற நினைப்புத்தான். கரிபியன் கடலுக்குக் கட்டும் பையில் பாதியையாவது இந்தக் கடலுக்கும் கட்ட வேண்டும்.

1. முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு நாளைக் குறியுங்கள். மாசி, பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும். குழந்தைகளையும் வயது போனவர்களையும் கூட்டிப் போக அதுவே நல்ல காலம். வைகாசியில் சோளகம் பிடித்தால் புரட்டாதி வரை விடாது. எங்கள் கடல் ஆழம் குறைந்தது; காற்று எழும்பினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வந்து அடிக்கும். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் சோளகமும் ஒன்றாக வருவதுதான் சிக்கல். அந்த மாதங்களில் போகத்தான் வேண்டுமென்றால் காலைப் படகில் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு காற்றுக் கூடும் என்பதால், போகும்போது இருந்த கடல் வரும்போது இராது என்று முதலே சொல்லி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாமல் விடுவதே புத்தி. வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்கு எச்சரிக்கை விட்ட நாளில் படகை நிறுத்தினால் இறங்குதுறையில் நின்று வாதாட வேண்டாம். சாட்டிக் கடற்கரைக்குத் திரும்பி விடுங்கள், பிள்ளைகளுக்கு அதுவும் கடல்தான்.

2. சுன்னாகத்திலிருந்து படகேறும் குறிகட்டுவான் துறை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கே குறிகட்டுவான் பஸ் எடுக்க வேண்டும். பண்ணைப் பாலம், வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு என்று போகும் வழி அது. இரண்டு பஸ் மாறும் நேரத்தைக் கணக்கில் எடுத்து வெள்ளன வெளிக்கிடுங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் யாழ்ப்பாணத்தைத் தாண்ட முன்பே பெற்றோலை நிரப்பி விடுங்கள். சோளகக் காலத்தில் கடலுக்கு நடுவே போகும் அந்த வீதிகளில் பக்கக் காற்று சைக்கிளைத் தள்ளும். பின்னால் இருப்பவர் விரித்த குடையோடு இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதைவிட ஆபத்தான வேலை வேறில்லை.

3. நெடுந்தீவுக்கு ஓடும் பொதுப் படகுகளில் குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். தனியார் படகுகளும் உண்டு. எந்த நாளில் எது ஓடும், எது திருத்தத்தில் நிற்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும்; போன வருசம் போனவர் சொன்ன நேரத்தை நம்பிப் போகாதீர்கள். முதல் நாளே தீவில் அல்லது புங்குடுதீவில் அறிந்த ஒருவரிடம் விசாரியுங்கள். அதைவிட முக்கியம், திரும்பும் கடைசிப் படகின் நேரம். நெடுந்தீவில் இறங்கியதும் முதல் வேலையாக அதை மாவலி இறங்குதுறையிலேயே கேட்டு, எல்லோருடைய கைபேசியிலும் குறித்துவிடுங்கள். பின்னேரப் படகு நீங்கள் நினைப்பதைவிட வேளைக்கே போய்விடும்.

4. கடல் ஓட்டம் நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலமளவு, நயினாதீவுக்குக் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. இரண்டாவதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. முதலாவதற்கு வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது. இரண்டு இடியப்பத்தோடு நிறுத்துங்கள். சத்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே போட வேண்டும். அது நித்திரையைக் கொண்டுவரும் என்பதால் வாகனம் ஓட்டுபவர் போடக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு வைத்தியரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம். மாத்திரை வேண்டாம் என்பவர்கள் ஒரு துண்டு இஞ்சியை உப்புத் தொட்டு மெல்லலாம். இருப்பதற்குப் படகின் நடுப்பகுதிதான் நல்லது, ஆட்டம் அங்கே குறைவு. கீழ்த்தட்டில் டீசல் மணம் அடைத்து நிற்கும். காற்று வரும் இடமாகப் பார்த்து இருங்கள். கண்ணை மூடாமல் தூரத்துக் கரையைப் பாருங்கள். கைபேசியைப் பார்த்தால் முடிந்தது கதை.

5. உயிர்காப்பு அங்கியைத் தந்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டுக் கட்டுங்கள். சேலை கசங்கும் என்று சொல்லும் மாமிமாருக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள்.

6. தேசிய அடையாள அட்டையும், வெளிநாட்டுக்காரர் என்றால் கடவுச்சீட்டின் பிரதியும் கையில் இருக்கட்டும். மூலக் கடவுச்சீட்டைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

7. தண்ணீர். இதைப்பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நிலத்தடி நீர் கெட்டால் என்ன நடக்கும் என்று சுன்னாகத்தாருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்த ஊர் இது. எங்களுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனுள் இறங்கி, கீழே கிடக்கும் உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். சின்னத் தீவுகளில் அந்தப் படை இன்னும் மெல்லியது. கரிபியனில் பார்படோசும் சுண்ணாம்புக்கல் தீவுதான். அவர்களும் நிலத்தடி நீரை நம்பித்தான் இருக்கிறார்கள். நெடுந்தீவில் சாராப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு, மற்றப் பல இடங்களில் உவர். ஆகவே தீவில் வாங்கலாம் என்று போகாமல், பெரியவருக்கு மூன்று லீற்றர் என்று கணக்கிட்டு வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். பாதிப் போத்தல்களை முதல் நாள் இரவு உறைய வைத்தால் மத்தியானம் வரை குளிராக இருக்கும். இரண்டு பைக்கற் ஜீவனியும், நாலைந்து தேசிக்காயும், ஒரு சரை உப்பும் பையின் அடியில் கிடக்கட்டும். தீவுக்காரர் வீட்டு முற்றத்தில் குடத்தில் நிற்கும் தண்ணீரில் கால் கழுவக் கேட்காதீர்கள். அது சுமந்து வந்த தண்ணீராக இருக்கும்.

8. சாப்பாட்டில் தேங்காய்ச் சம்பல் வேண்டாம். பத்து மணி வெயிலுக்குப் பழுதாகிவிடும். புளிச்சோறு, சீனிச் சம்பலோடு பாண், ரொட்டி, அவித்த முட்டை நிற்கும். பழத்துக்குச் சுன்னாகம் சந்தையில் வாழைப்பழம் வாங்குங்கள். நன்றாகப் பழுத்த கதலி பஸ்ஸிலேயே நசிந்துவிடும், செங்காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். பனங்கட்டி ஒரு துண்டு களைப்புக்கு நல்லது. நயினாதீவுக்கு மட்டும் போகிறவர்கள் சாப்பாடே கட்ட வேண்டியதில்லை: அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் மத்தியானம் சோறு கிடைக்கும். உண்டியலில் உங்களால் முடிந்ததைப் போட்டுவிட்டு வாருங்கள்.

9. காசைச் சில்லறையாகக் கொண்டு போங்கள். ஓட்டோக்காரரிடம் ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் மாற்ற இடம் தேடி அரை மணித்தியாலம் போய்விடும். அட்டையை நம்ப வேண்டாம்.

10. நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நடந்து பார்க்கலாம் என்று தொடங்கினால் கடைசிப் படகு போய்விடும். இறங்குதுறையில் ஓட்டோ, பிக்கப் பிடிக்கலாம். ஏற முன் இரண்டு விடயங்களைப் பேசுங்கள்: மொத்தக் கூலி எவ்வளவு, எந்தெந்த இடம். ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடுவது வீண் வேலை. என்னைக் கேட்டால் நாலு போதும். குதிரைகள் மேயும் வெளி, பெருக்கமரம், வைத்தியசாலைக்குப் பின்னால் முருகைக்கல்லில் கட்டி இடிந்து கிடக்கும் கோட்டை, பிறகு ஏதாவது ஒரு கரையில் ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பது. வளரும் கல்லும் பெரிய பாதமும் பிள்ளைகள் கேட்டால் சேர்க்கலாம். வெளியான இடங்களை முதலில் முடித்து, வெயில் ஏறியதும் பெருக்கமரத்தடிக்கு வாருங்கள். ஆபிரிக்காவில் பிறந்த இனம் அது. அதன் பொந்துக்குள் ஆள் புகுந்து நிற்கலாம்.

11. குதிரைகளுக்கு அருகே போய்ப் பாணும் பிஸ்கற்றும் நீட்ட வேண்டாம், குட்டியோடு நிற்கும் குதிரை உதைக்கும். வேலிகளில் அடுக்கியிருக்கும் முருகைக்கல்லில் ஒன்றை நினைவுக்கு எடுத்து வருவதும் வேண்டாம். அந்த வேலிகளில் சாந்து இல்லை. ஒரு கல்லை உருவினால் பக்கத்துக் கற்களும் சரியும்.

12. வழி தேடும்போது பெயர்கள் குழப்பும். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆனது, அனலைதீவு ரொட்டர்டாம் ஆனது. நின்றது டெல்ஃப்ட் ஒன்றுதான். வரைபடத்தில் நெடுந்தீவை அந்தப் பெயரில் தேடுங்கள். நயினாதீவைத் தென்னிலங்கைக்காரர் நாகதீப என்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாகனம் பதிந்தால் எந்தத் தீவு என்று இரண்டு தரம் கேளுங்கள்.

13. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டியும் சால்வையும் பையில் இருந்தால் தடுமாறத் தேவையில்லை. நாகவிகாரைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, தொப்பியும் செருப்பும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். மத்தியான மணல் சுடும், பழைய காலுறை ஒரு சோடி இருந்தால் வீதி சுற்றும்போது உதவும்.

14. பூரணை நாளிலும் நீண்ட விடுமுறையிலும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். இறங்குதுறையில் வரிசை வீதி வரை வரும். ஆனி மாதத்து அம்மன் திருவிழாவில் எங்கள் ஆட்களே நிறைவார்கள். கும்பிடப் போகிறவர்கள் அந்த நாட்களில் போகட்டும். தீவு பார்க்கப் போகிறவர்கள் வேறொரு செவ்வாயோ புதனோ பாருங்கள். இரண்டு தீவையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று வாகனக்காரர் சொல்வார். முடியும்தான், ஆனால் இரண்டையும் படகிலிருந்துதான் பார்ப்பீர்கள்.

15. வயது போனவர்களுக்குக் கடினம் கடலில் இல்லை, துறைக்கும் படகுக்கும் இடையில் இருக்கும் அந்த ஒரு அடியில்தான். அலையில் படகு ஏறி இறங்கும். மேலே எழும்பும் தருணத்தில் கால் வைக்க வேண்டும். ஒருவர் முன்னே ஏறிக் கை கொடுக்க, ஒருவர் பின்னே நில்லுங்கள். பைகளை முதலே ஏற்றிவிடுங்கள். கழிப்பறைக்குக் குறிகட்டுவானிலேயே போய்விட்டு ஏறுவது எல்லோருக்கும் நல்லது.

16. மே 15இல் நெடுந்தீவுக்குப் போக நேர்ந்தால் சத்தமும் பாட்டும் வேண்டாம். 1985இல் அந்த நாளில்தான் குமுதினிப் படகில் வந்தவர்களைக் கடலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். இறந்தவர்களின் வீட்டார் அன்று நினைவுகூர வருவார்கள்.

17. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இந்தக் குறிப்புகள் போதாது. மாசி, பங்குனியில் வரும் அந்தத் திருவிழாவுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், இரவு தங்க வேண்டும். அங்கே குடிதண்ணீர் கிடையாது. ஏழாம் குறிப்பை இரட்டிப்பாக்குங்கள்.

18. கருவாடு வாங்கினால் பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, சொப்பிங் பையில் போட்டு, மூடியுள்ள வாளியில் வையுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் உங்களைச் சபிக்க மாட்டார். வெறும் போத்தல்களையும் அதே வாளியில் திருப்பிக் கொண்டு வரலாம்.

19. வீட்டுக்கு வந்ததும் உப்பைக் கழுவுங்கள். பட்டுச் சேலையில் கடல்நீர் பட்டிருந்தால் சவர்க்காரம் போடாமல் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய விடுங்கள். மூக்குக்கண்ணாடியை முதலில் தண்ணீரில் பிடித்து விட்டுத்தான் துடைக்க வேண்டும், காய்ந்த உப்பு கண்ணாடியைக் கீறும். மோட்டார் சைக்கிளை அன்றிரவே கழுவி, காய்ந்ததும் சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். களைப்பில் விடியப் பார்ப்போம் என்று விட்டால் சங்கிலியில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.