பழைய பிக்கப்புக்குக் காரின் முன்பகுதி: கைவைக்குமுன் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் 1940களிலும் 1950களிலும் செய்யப்பட்ட பிக்கப்புகளை இன்றும் ஓட்டுவோர் உள்ளனர். அவற்றின் முன் அச்சைக் கழற்றிவிட்டு, ஓட்டத்தை விட்ட கார் ஒன்றின் முன்சில்லுத் தொகுதியைப் பொருத்துவது அங்கே நெடுங்காலமாக நடக்கும் வேலை. அந்த வேலையை இப்பாடத்தில் படிப்போம். கராஜில் தொழில் பழகும் பிள்ளைகளுக்கும், பழைய வாகனம் ஒன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் இதில் கற்பதற்கு நிறைய உண்டு. இதில் பிழை விட்டால் பணம் மட்டும் போவதில்லை. ஓடும் வாகனத்தில் ஸ்ரியறிங் கைவிட்டால் உயிரும் போகும்.

இரண்டு முறைகள்

1947 முதல் 1955 வரை வந்த செவ்ரொலே பிக்கப்பையும், 1953 முதல் 1956 வரை வந்த போர்ட் எப்-100 பிக்கப்பையும் எடுத்துக்கொள்வோம். இவற்றின் முன்புறத்தில் இரு சில்லுகளையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு தகட்டுவில்லுகளின் கீழ் பூட்டப்பட்டிருக்கும். மாட்டுவண்டியின் அச்சை நினைத்தால் விளங்கும்: ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் மற்றச் சில்லும் சரியும். பாரம் சுமக்க இது உறுதியானது. ஆனால் வேகமாக ஓடும்போது வண்டி குலுங்கும், அலையும்.

கார்களில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே ஏறி இறங்கும். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, பாரத்தைத் தாங்கச் சுருள்வில். எம்மவர் நன்கறிந்த ஒஸ்ரின் ஏ-40 கார் இவ்வகையே. மொறிஸ் மைனரில் சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பி உண்டு. செவ்ரொலே நிறுவனமும் 1960இல் தன் சிறிய பிக்கப்புகளுக்கு இந்தத் தனிச்சில்லு முறையைக் கொண்டுவந்தது.

முதலில் கேட்க வேண்டியது

மாற்றுவது அவசியமா? முன்பகுதி ஆடுவதற்கு அச்சு காரணமாக இல்லாமல், தேய்ந்த கிங்பின் காரணமாக இருக்கலாம். முன்சில்லை ஜக்கில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிறேக்கை மிதிக்க, மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றால் குறை சில்லுப் பெயறிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். கிங்பின்னையும் புஷ்களையும் புதுப்பிப்பது முன்பகுதியை மாற்றுவதைவிட மிகச் சிறிய செலவு. நெல்லும் விறகும் ஏற்றி மண்பாதையில் மெதுவாக ஓடும் வண்டிக்குப் பழைய அச்சே போதும்.

எந்தக் காரிலிருந்து எடுப்பது?

ஒன்று, 1974 முதல் 1978 வரை வந்த போர்ட் மஸ்ரங் II. ஒடுக்கமானது, பழைய மட்காட்டுக்குள் அடங்கும். ஸ்ரியறிங் பற்சட்ட வகை. ஆனால் சிறிய காருக்கெனச் செய்யப்பட்டதால் பாரவேலைக்கு ஏற்றதன்று.

இரண்டு, 1970 முதல் 1981 வரை வந்த செவ்ரொலே கமாரோ. இதன் முன்பகுதி போல்ற்றினால் பூட்டிய தனிச் சட்டம். பிக்கப்பின் செசியை முன்னே வெட்டி, இச்சட்டத்தை முழுதாக வெல்ட் செய்வார்கள். பலமானது. ஆனால் வெட்டிய செசி பழையபடி வராது.

மூன்று, 2003 முதல் 2011 வரை வந்த போர்ட் கிறவுண் விக்ரோறியா. பாரமான கார்; பெரிய டிஸ்க் பிறேக் உண்டு. ஆனால் மிக அகலமானது. சில்லை உள்ளே தள்ளி வைக்கும் றிம் இல்லாவிட்டால் ரயர் மட்காட்டுக்கு வெளியே நிற்கும்.

எதை எடுத்தாலும், கொடுக்கும் காரின் முன்பாரமும் வாங்கும் பிக்கப்பின் முன்பாரமும் கிட்டியவையாக இருக்க வேண்டும். வாகனத் தராசில் முன்சில்லுகளை மட்டும் ஏற்றினால் முன்பாரம் தெரியும். வெறுமையாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை நிறுக்க வேண்டும்.

வேலையின் ஒழுங்கு

1. வெட்டுமுன் குறியுங்கள். சமதரையில், ஓடும் உயரத்திலேயே வண்டியை உறுதியான தாங்கிகளில் வையுங்கள். தூக்குக்குண்டு விட்டு முன் அச்சின் நடுவைத் தரையிலும் செசியிலும் குறியுங்கள். அரைத் தொன் செவ்ரொலேயில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 116 அங்குலம். புதிய சில்லின் நடுவும் இதே குறிக்கு வரவேண்டும்.

2. மூலைக்கு மூலை அளவுங்கள். முன் இடச்சில்லிலிருந்து பின் வலச்சில்லுக்கும், முன் வலச்சில்லிலிருந்து பின் இடச்சில்லுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

3. சாய்வைக் காப்பாற்றுங்கள். சைக்கிளின் முன்கவர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுபோல, சில்லு திரும்பும் கோட்டின் மேல்முனை சற்றுப் பின்னே சாய்ந்திருக்க வேண்டும். வளைவு முடிந்ததும் ஸ்ரியறிங் தானாக நேரே வருவது இதனால்தான். செசியை முன்னே தூக்கியோ தாழ்த்தியோ வைத்து வெல்ட் செய்தால் இச்சாய்வு கெட்டுவிடும்.

4. ஸ்ரியறிங்கை இடம் மாற்றாதீர்கள். அதன் தடிகளும் சில்லின் கைகளும் ஒரே வளைவில் ஏறி இறங்கும்படி அமைக்கப்பட்டவை. எஞ்சினுக்கு இடம் போதாதென்று பற்சட்டத்தை உயர்த்தினால், ஒவ்வொரு பள்ளத்திலும் சில்லு தானாகத் திரும்பும்.

5. செசியைப் பலப்படுத்துங்கள். ஒருபக்கம் திறந்த செசிச் சட்டத்துக்கு இரும்புத் தகடு வைத்து மூட வேண்டும். முதலில் புள்ளி வெல்ட் மட்டும். மீண்டும் எல்லாம் அளந்தபின், சூட்டில் செசி முறுகாதபடி இருபக்கமும் மாறிமாறி நிரப்ப வேண்டும். இது பழகிய கையால் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

6. பிறேக்கை மறவாதீர்கள். முன்னே டிஸ்க் வந்தபின் பழைய மாஸ்ரர் சிலிண்டர் பொருந்தாது. முன்னுக்கும் பின்னுக்கும் தனி அறையுள்ள இரட்டைச் சிலிண்டர் வேண்டும். ஒரு குழாய் வெடித்தாலும் மற்றது பிடிக்கும். பின்சில்லு முந்தி இறுகி வழுக்காமல் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும் வேண்டும்.

7. உதிரிச்சில்லை எண்ணுங்கள். அந்தச் செவ்ரொலேயின் பின்சில்லுக்கு ஆறு போல்ற். கமாரோவின் முன்சில்லுக்கு ஐந்து. ஒரே உதிரிச்சில்லு இரண்டுக்கும் உதவாது.

வேலை முடிந்ததும் சில்லுகளின் கோணங்களை உரிய கருவியில் சரிபார்த்து, வெறும் வண்டியாக மெதுவாக ஓட்டி, எல்லாப் போல்ற்றுகளையும் மீண்டும் இறுக்குங்கள். இத்தகைய மாற்றத்துக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியும், காப்புறுதிக்காரரின் சம்மதமும் தேவையா என்பதைச் செலவு செய்யுமுன் கேட்டறியுங்கள்.

வேறொரு வாகனத்தின் உறுப்பை எடுக்கும்போது அதைத் தொகுதியாக எடுங்கள்: கை, வில், ஸ்ரியறிங், பிறேக் யாவும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்டவை. அங்கொன்று இங்கொன்றாகச் சேர்த்த முன்பகுதியில் எது எப்போது உடையும் என்று எவராலும் சொல்ல முடியாது.

குழுவாகச் சிந்திக்க

1. உங்களுக்குத் தெரிந்த ஒரு வாகனத்தின் முன்பகுதி எந்த முறையைச் சேர்ந்தது? கீழே குனிந்து பார்த்துச் சொல்லுங்கள்.

2. அந்த வாகனம் சுமக்கும் பாரம் என்ன? ஓடும் பாதை எது? அதற்குச் சொகுசு வேண்டுமா, உறுதி வேண்டுமா?

3. கிங்பின் மாற்றும் செலவையும் முன்பகுதி மாற்றும் செலவையும் தனித்தனியே விசாரித்து எழுதி ஒப்பிடுங்கள்.