நெட் பில்: முன்னால் கட்டுவதா, பின்னால் கட்டுவதா?

‘மாதம் 499 ரூபாய் மட்டுமே’ என்று தட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ‘வரி தனி’ என்பது பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய எழுத்தில் இருக்கும். 18 சதவீத ஜிஎஸ்டியைக் கூட்டினால் 588 ரூபாய் 82 காசு. ஆகவே உங்கள் தெரு கேபிள்காரர் “எல்லாம் சேர்த்து 600 கொடுங்க சார்” என்றால், அதை 499-உடன் ஒப்பிட்டு அவரைக் கொள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வித்தியாசம் வெறும் 11 ரூபாய்தான்.

வேகம், ஓடிடி, ரவுட்டர் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பணத்தை எப்போது, யாரிடம், எந்த வழியில் கட்டுவது என்பதை யாரும் சொல்வதில்லை. தகராறு என்று வந்தால் யார் பணம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் பேச்சின் பலத்தைத் தீர்மானிக்கும்.

முதலில் நாள் கணக்கு. ப்ரீபெய்டில் ‘மாதம்’ என்பது 30 நாளாக இருக்கலாம், 28 நாளாகவும் இருக்கலாம். 28 நாள் என்றால் வருடத்துக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கும். எந்தத் திட்டமானாலும் வரி சேர்த்த தொகையை நாள்களால் வகுத்து, ஒரு நாளைக்கு என்ன விலை என்று பார்த்துவிடுங்கள். அதன்பிறகு எந்த விளம்பரமும் உங்களைக் குழப்பாது.

போஸ்ட்பெய்ட் என்ற பெயரை வைத்து, பயன்படுத்திய பிறகு கட்டினால் போதும் என்று நம்பிவிடக் கூடாது. வீட்டு இணையத்தில் பல நிறுவனங்கள் அடுத்த மாத வாடகையை முன்கூட்டியே பில்லில் சேர்த்துவிடுகின்றன. ஜூன் 10-ஆம் தேதி இணைப்பு வாங்குகிறீர்கள், பில் தேதி மாதத்தின் முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 1 அன்று வரும் பில்லில் ஜூனில் ஓடிய 21 நாளுக்கு 349 ரூபாய் 30 காசும், ஜூலை முழுவதற்கும் 499 ரூபாயும், இரண்டின்மேல் வரியும் இருக்கும். கல்யாண மொய் மாதிரி 1,001 ரூபாய்! வாடிக்கையாளர் சேவை மையத்தோடு சண்டை பிடிக்குமுன் பில்லின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். ஏமாற்று பெரும்பாலும் இருக்காது. ஆள் பிடிக்க வந்த விற்பனைப் பையன் சொல்லாமல் விட்டதுதான் குற்றம்.

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், அடிக்கடி வீடு மாற்றும் வாடகைக்காரர்கள், அறையெடுத்துத் தங்கும் மாணவர்கள் ஆகியோருக்கு ப்ரீபெய்ட்தான் நல்லது. காலம் முடிந்தால் நின்றுவிடும், அவ்வளவுதான். போஸ்ட்பெய்டில் நீங்கள் முறையாக இணைப்பை மூடும்வரை பில் ஓடிக்கொண்டே இருக்கும். கெடு தாண்டினால் தாமதக் கட்டணமும் உண்டு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், அலுவலகத்தில் பில் காட்டி நெட் செலவை வாங்குகிறவர்கள் போஸ்ட்பெய்ட் எடுக்கலாம். நடுக்கூட்டத்தில் நெட் நின்றுபோகும் தொல்லை அவர்களுக்குக் குறையும்.

இனி ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டும் விஷயம். ஆறு மாதம் கட்டினால் 15 நாள் இலவசம், ஒரு வருடம் கட்டினால் 30 நாள் இலவசம் என்பது பரவலான சலுகை. 499 ரூபாய்த் திட்டத்தில் மாதாமாதம் கட்டினால் ஒரு நாளுக்கு 19 ரூபாய் 63 காசு. ஆறு மாதத் தொகை 3,533 ரூபாயை 195 நாளால் வகுத்தால் 18 ரூபாய் 12 காசு. வருடத் தொகை 7,066 ரூபாயை 390 நாளால் வகுத்தாலும் அதே 18 ரூபாய் 12 காசுதான்! இரண்டிலும் தள்ளுபடி ஒன்றே. பிறகு எதற்காக இன்னொரு 3,533 ரூபாயை அவர்கள் கையில் கொடுத்துவைக்க வேண்டும்? மாதம் 45 ரூபாய் மிச்சம் என்பது கெட்ட பேரமில்லை. ஆனால் புது இணைப்புக்கு அதுகூட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் மாதாமாதமே கட்டுங்கள். சென்னைக்காரர்கள் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டு முடிவுசெய்வது உத்தமம். மரம் விழுந்து ஒயர் அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்பது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கப் புகார் எண் வேண்டும். கேபிள்காரரிடம் போனில் “அண்ணே, நெட் வரல” என்று சொன்னது கணக்கில் வராது. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவுசெய்து எண்ணைக் குறித்துவையுங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றிப் போகலாம். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கேபிள்காரரைக் குறைத்துச் சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஏணியோடு வந்து நிற்பது அவர்தான், கால் சென்டர் அல்ல. ஆனால் அவரிடம் ரொக்கமாகக் கொடுத்த பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை உங்கள் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியில்தான் பார்க்கவேண்டும், அவர் நோட்டில் அல்ல. இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். வரி வாங்கினால் ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கவேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33 என்று தொடங்கும். முடிந்தவரை நிறுவனத்தின் செயலியிலோ யுபிஐ வழியாகவோ நேராகக் கட்டுங்கள். பழுதுக்கு அவரையே கூப்பிடலாம், தப்பில்லை.

பில் தொகை கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஆட்டோபே போடுவதா என்றால், போஸ்ட்பெய்டுக்குப் போடலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வரவேண்டும். அந்தத் தகவலைப் படிக்காமல் தள்ளிவிடுகிறவர் ஆட்டோபே போடாமலிருப்பதே நல்லது. உச்சவரம்பையும் உங்கள் பில்லைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் வையுங்கள். 600 ரூபாய் பில்லுக்கு 15,000 ரூபாய் அனுமதி எதற்கு?

இணைப்பை மூடும்போது ரவுட்டர் பெட்டியை எடுக்க ஆள் வருவார். அதன் சீரியல் எண்ணைப் படம்பிடித்து, ஒப்புகை எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள். வைப்புத்தொகை கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம். ஆட்டோபேயையும் அன்றே வங்கிச் செயலியில் ரத்துசெய்துவிடுங்கள்.